ஆகாசக் கிருமி

திருவனந்தபுரத்தில் ஞானசிகாமணியின் குரல் நுழையாத தெரு கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து சினிமாத் தியேட்டரின் பழைய கறுப்புக் கார் ஒன்று புறப்படும். கோளாம்பி என்று ஊர் சொல்லும் குழாய் ஒலிபெருக்கிகள் இரண்டு, முன்னே பார்த்து ஒன்றும் பின்னே பார்த்து ஒன்றுமாக அதன் மண்டையில் கட்டியிருக்கும். "இன்று முதல்..." என்று அது வாயைத் திறந்தால் அடுப்படியில் நிற்கிறவர்கள்கூடக் கரண்டியைக் குழம்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காது கொடுப்பார்கள். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தெருவில் பார்த்து இவர்தான் என்று சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அவர் பின் சீட்டில் இரண்டு பக்கமும் நீலத் துணியைத் தொங்கவிட்டு, மைக்கை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருப்பார். வெயிலுக்காக என்று டிரைவர் நேசையனிடம் சொல்லியிருந்தார். மழைக்காலத்திலும் துணி தொங்கியது. நேசையன் ஒன்றும் கேட்டதில்லை.

முகம் முழுக்க வைசூரித் தழும்பு. கோடையின் முதல் தூறல் விழுந்து அப்படியே காய்ந்துபோன மணல் மாதிரி. பாறசாலைப் பக்கத்தில் ஓர் ஓலை வீட்டில், அவருக்கு ஒன்பது வயது நடக்கும்போது வந்தது. ஐந்து பேர் படுத்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு அக்காமார். எழுந்தது அவர் ஒருவர்தான். பிறகு மிஷன் விடுதிக் கஞ்சி, ஞாயிறு பள்ளிக்கூடம், வேத புத்தகத் தமிழ். இருபது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து தியேட்டரில் சுவரொட்டி ஒட்டினார். மலையாளம் படித்ததும் அந்தச் சுவரொட்டிகளிலிருந்துதான். காதல், சதி, கண்ணீர், பழிக்குப் பழி. இந்த நாலு வார்த்தையும் அவற்றின் உறவுக்காரர்களும் போதும், ஒரு மலையாள நோட்டீஸ் எழுதிவிடலாம்.

ஒருநாள் அறிவிப்பு சொல்கிறவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு ஞானசிகாமணி மைக்கை வாங்கினார். தன் குரலில் ஒரு தழும்புகூட இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம். கதைச் சுருக்க நோட்டீஸ் எழுதுவதும் அவர், அதைச் சொல்லிக்கொண்டு போவதும் அவர். காருக்கு ஒரு வழமை உண்டு. முதலில் ஸ்ரீவராகம், பிறகு வலியசாலை, கரமனை. அந்த அக்கிரகாரத் தெருக்களில் தமிழ். கரமனையிலிருந்து திரும்பி வரும்போது கிள்ளிப்பாலத்தின் நடுவில் நேசையன் வண்டியை மெதுவாக்குவான். ஞானசிகாமணி கூஜாவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்து, தமிழை விழுங்கிவிட்டு மலையாளத்தை எடுப்பார். பாலம் முடிந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும்போது அவர் வேறு ஆள். பிறந்ததே ஆற்றிங்ஙலில் என்று நினைக்கும்படி பேசுவார். தமிழனைக் கேலியாகச் சொல்வதுபோல யாரும் அவரைப் பாண்டி என்று சொன்னதில்லை. அந்த ஒன்றில் அவருக்கு ரகசியமான கர்வம்.

எழுபத்துமூன்றாம் வருஷம், மழை ஓயாத கர்க்கடக மாதம். ரோடெல்லாம் தண்ணீர். வரவேண்டிய மலையாளப் படத்தின் பெட்டி வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. தியேட்டரைச் சும்மா போட முடியாதே என்று முதலாளி கையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் படத்தை எடுத்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மானேஜர் சேஷன் ஞானசிகாமணியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கரமனைக்காரர். கோபமாக இருந்தாலும் வெற்றிலையை மென்று முடித்த பிறகுதான் பேசுவார்.

மேஜைமேல் புதிதாக ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது.

"பாத்தீரோ ஓய்? முதலாளி வாங்கியிருக்கார். காலேஜ்ல படிக்கற ஒரு பையன், ரேடியோவில நியூஸ் வாசிக்கற மாதிரி சாரீரம். ஒரு தடவை பேசி இதுல அடைச்சுட்டா, அது பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிண்டு வரும்."

ஞானசிகாமணி டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். அதற்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன. "அப்போ நான், சாமி?"

"உம்மைப் போகச் சொல்லுவாளா? பதினஞ்சு வருஷம் ஆச்சே. கேட்ல நின்னு டிக்கெட் கிழியும். ஆனா நான் ஒண்ணு சொல்லியிருக்கேன் முதலாளிகிட்ட. இந்த ஒரு படம் அவர் சொல்லட்டும், ஆள் வந்துதுன்னா மைக்கு அவர்கிட்டயே இருக்கட்டும்னு. இங்கிலீஷ் படத்துக்கு ஆள் சேக்கறது லேசில்லை. என்னத்தையாவது பண்ணும்."

கேட் என்றால் என்ன என்று ஞானசிகாமணிக்குத் தெரியும். தலைக்கு மேலே ஒரு பல்பு எரியும். ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்நூறு பேர், ஒவ்வொருவராக, ஒரு முழம் தூரத்தில் நின்று சீட்டை நீட்டுவார்கள். நீட்டும்போது முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்ததும் கண்ணைச் சீட்டுக்கு இறக்கிக்கொள்வார்கள். அந்த இறக்கத்தைத்தான் அவர் பதினைந்து வருஷமாகத் துணி போட்டு மறைத்து வைத்திருந்தார்.

படம் ஓடியது. காலி அரங்கில் சேஷனும் அவரும் மட்டும். பனி மூடிய ஒரு சின்ன ஊர். ஆகாசத்துக்கு அனுப்பிய ஏதோ ஒன்று திரும்பி வந்து அந்த ஊருக்குப் பக்கத்தில் விழுகிறது. அதில் ஒட்டிக்கொண்டு வந்த எதுவோ, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, காற்றில் கலக்கிறது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. முடிவெட்டுகிறவன் கத்தரியைப் பிடித்தபடி சாய்ந்து கிடக்கிறான். மேஜையில் காப்பி ஆவி பறக்கிறது, குடிக்க யாரும் இல்லை. சேஷன் பத்தாவது நிமிஷத்தில் குறட்டை விட்டார். ஞானசிகாமணி முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஒரே ஒருத்தி சாகவில்லை. துணி வெளுக்கிறவள், தடித்த பெண்பிள்ளை. அவளைக் கொண்டுபோய்க் கண்ணாடி அறைக்குள் வைத்து, வெள்ளை உடுப்பு டாக்டர்மார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன தின்றாய், என்ன குடித்தாய், எங்கே படுத்தாய், நீ மட்டும் ஏன் சாகவில்லை? அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஞானசிகாமணிக்குப் பத்து இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் புரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய்க் காகிதத்தை விரித்தார். கரமனை ஆற்றை ஒட்டி வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் மூன்றாவது. அவர் மனைவி எலிசாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிற வேலை முடிந்து வந்து, ஈரச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இஞ்ச வா. இந்தக் கண்ணுக்குத் தெரியாம நோயைக் கொண்டுவாற சாதனம் உண்டுல்லா, அதுக்கு மலையாளத்துல என்ன சொல்லுவாங்க?"

"அணு."

"அணுவா?"

"பின்ன? வார்டுல சிஸ்டர்மாரு நித்தமும் கத்துவாங்கல்லா. எலிசா, அணு உண்டு, கை கழுகு. எலிசா, அணு உண்டு, பாத்திரத்தை வெந்நீர்ல வேவி. ரோகாணுன்னும் சொல்லுவாங்க."

ஞானசிகாமணி பேனாவை மூடினார். "அணுன்னா குண்டுல்லாட்டி! ஜப்பான்ல போட்டது. ஆகாசத்துல இருந்து அணு விழுந்துதுன்னு எழுதினா, யுத்தப் படம்னு நினைச்சுப் பட்டாளக்காரனுவதான் வருவானுவ."

"நீங்க கேட்டிய, நான் சொன்னேன்."

"கிருமின்னு போடுதேன். கிருமின்னா தமிழனுக்கும் தெரியும், மலையாளிக்கும் தெரியும். அங்கயும் கிருமின்னு சொல்லிக் கேட்டிருக்கேன்."

"எப்பம் கேட்டிய?"

"பிள்ளையளுக்கு வயித்துல கிருமின்னு பக்கத்து வீட்டுக்காரி மருந்து வாங்கிட்டுப் போனாளே."

எலிசாள் சேலையைக் கொடியில் போட்டாள். ஏதோ சொல்ல வந்தவள், இந்த மனுஷனிடம் வார்த்தையைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது என்று சட்டியை உருட்டப் போய்விட்டாள்.

இங்கிலீஷ் பெயர் ஊர் வாயில் நுழையாது என்பதால், அந்த நாளில் தியேட்டர்காரர்கள் படத்துக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஞானசிகாமணி வைத்த பெயர்: ஆகாசக் கிருமி. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், மஞ்சள் காகிதம். சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் உள்ள அச்சகத்தில் கொடுத்தார். எழுத்துக் கோத்தவன் மலையாளப் பக்கத்தை வாசித்துச் சிரித்தானாம். தமாஷ் படமாக்கும் என்று நினைத்தானாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஸ்ரீவராகத்தில் கார் நுழைந்தது.

"இன்று முதல்! ஆகாயத்திலிருந்து ஓர் அரக்கன் வரவில்லை. ஆயுதம் வரவில்லை. வந்தது ஒரு கிருமி! கண்ணுக்குத் தெரியாத கிருமி! நீங்கள் மூச்சு விடும் இந்தக் காற்றில்..."

இந்த இடத்தில் நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய தொழில். தெருவில் இரண்டு ஜன்னல்கள் சாத்துகிற சத்தம் கேட்டது. மூன்றாவது ஜன்னலிலிருந்து ஒரு மாமி கையை நீட்டி நோட்டீஸை வாங்கிக்கொண்டு நேசையனைக் கேட்டாள்: "ஏண்டாப்பா, நம்ம தும்பாலேந்து ராக்கெட் விடறாளே, அதுலயும் இதெல்லாம் ஒட்டிண்டு வந்துடுமோ?"

"அது கடலுல விழும் மாமி. மீனுக்குத்தான் வரும்."

"சிவ சிவா. நாங்க மீன் சாப்பிடறதில்லை," என்று மாமி நிம்மதியாக உள்ளே போனாள்.

வலியசாலையிலும் அப்படித்தான். கரமனையில் ஒரு பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே நோட்டீஸை வாசித்தார். துணிக்குப் பின்னால் ஞானசிகாமணி சிரித்துக்கொண்டார். கேட்டும் பல்பும் கொஞ்ச தூரம் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

கிள்ளிப்பாலம். நேசையன் வண்டியை மெதுவாக்கினான். ஒரு மிடறு தண்ணீர். தமிழ் உள்ளே போயிற்று.

"இன்னு முதல்! ஆகாசத்து நின்னும் ஒரு கிருமி! மனுஷ்யராசியெ விறப்பிக்குந்ந கொடும் கிருமி!"

முதல் கடை வாழைக்காய் மண்டி. அங்கே கொஞ்சம் அமைதி. பிறகு ஒருவன் சிரித்தான். அடுத்த கடைக்காரன் எழுந்து வெளியே வந்தான். மூன்றாவது கடையிலிருந்து சிரிப்பு அப்படியே தெரு நீளத்துக்கும் பற்றிக்கொண்டு போயிற்று.

"கிருமியோ? எவிடெ நின்னு, ஆகாசத்து நின்னோ?"

"அண்ணோ, கிருமி கடிச்சால் எவிடெயா சொறியுந்நது?"

ஒரு சுமட்டுக்காரன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு நாலு அடி ஆடிக் காட்டினான். கடைத்தெருவே கை தட்டியது.

"நேசையா, எதுக்குடே சிரிக்கானுவ?"

நேசையனின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவன் அடக்கப் பார்த்து முடியாமல், "அண்ணாச்சி, மன்னிக்கணும்," என்றான். "மலையாளத்துல கிருமின்னா நம்ம சொல்லுத கிருமி இல்ல. புழு. பிள்ளையளுக்கு வயித்துல வருமே, அந்தப் புழு. ராத்திரி ஆனா பின்னால கடிக்குமே, அது."

"உனக்கு நேத்தே தெரியாதா?"

"நீங்க எனக்க கிட்ட எங்க காட்டினிய? கோளாம்பியில கேக்கும்போதுல்லா தெரியுது."

ஞானசிகாமணி மைக்கை அணைக்கும் பித்தானை அமுக்க மறந்திருந்தார். அவர்கள் பேசியது முழுக்கக் கோளாம்பி வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

"எடா, இது பாண்டியாணெடா! இத்ர நாளும் நம்மளெப் பற்றிச்சு!" இத்தனை நாளும் ஏமாற்றிவிட்டானாம்.

பதினைந்து வருஷம். ஆற்றிங்ஙல் குரல் அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

மத்தியானக் காட்சிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. மழைக்காலத்தில் இங்கிலீஷ் படத்துக்கு அப்படி ஒரு கூட்டத்தை சேஷன் பார்த்ததில்லை. சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், ஆகாசத்துப் புழுவைப் பார்க்க. சேஷன் வெற்றிலை மெல்லாமலே பேசினார்: "ஓய், என்ன மாயம் பண்ணினீர்?"

ஞானசிகாமணி ஆபரேட்டர் அறைக்குப் போகும் படியில் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கால் மணி நேரம் சிரிப்பு. பிறகு செருமல். பனி ஊர் வந்தது, மனிதர்கள் சாய்ந்து கிடந்தார்கள், புழு வரவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. வெள்ளை உடுப்புக்காரர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார்கள். புழு வரவில்லை.

"எவிடெடோ கிருமி?"

"கிருமியெக் காணிக்கெடோ!"

நாற்காலிகளைத் தட்டினார்கள். சீட்டி பறந்தது. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் எழுந்து, துட்டைத் திருப்பிக் கொடு என்று கூச்சல் போட்டார்கள். ஒரு நாற்காலியின் கை முறியும் சத்தம் கேட்டது.

சேஷன் படிக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "போம் ஓய்! உம்ம கிருமியை நீரே போய்க் காட்டும்! ஏதாவது சொல்லி உக்காத்தி வையும். இல்லேன்னா சாயங்காலம் தியேட்டரும் இருக்காது, கேட்டும் இருக்காது."

"இங்க மேல இருந்தே பேசுதேன் சாமி. மைக்கு நீளுமே."

"நீளாது. மேடையில ஏறும்!"

திரைக்கு முன்னால் ஒரு முழ அகலத்தில் மேடை இருந்தது. ஞானசிகாமணி அதில் ஏறி நின்றார். கூட்டத்துக்கு அவர் யாரென்று தெரியவில்லை. ஆபரேட்டர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ரீல் இல்லாத இயந்திரத்தைத் திறந்து வெறும் வெள்ளை வெளிச்சத்தை அவர்மேல் விட்டான். அவர் கையால் முகத்தை மறைத்தார்.

"நமஸ்காரம்," என்றார்.

குரலைக் கேட்டதும் ஓர் ஆரவாரம். "கிருமி சார்! கிருமி சார்!"

அவர் காத்திருந்தார். நாக்கு பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதற்கே தெரியவில்லை. வந்ததை வந்தபடி விட்டார்.

"ராவிலே கோளாம்பியில பறஞ்ஞது ஞான் தன்னெ. பாண்டியும் ஞான் தன்னெ. எங்க வீட்டுல கிருமின்னா வேற, இங்க கிருமின்னா வேற. எனக்கு அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்க பெண்டாட்டி நேத்தே சொன்னா, அணுன்னு போடச் சொல்லி. நான் கேக்கல்ல."

"அது சரி தன்னெ," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பெண்ணுங்ஙள் பறஞ்ஞால் கேள்க்கணும்." சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பில் பல் இல்லை.

"நீங்க தேடுத சாதனம் இந்தப் படத்துல வராது. கண்ணு கொண்டு காண முடியாத்த சாதனம். அதைக் காணணும்னா..."

நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தடவை அது தொழிலுக்காக இல்லை. கையை இறக்குவதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

கை இறங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக நிழல் கட்டித் தெரிந்தது. யாரும் கண்ணை இறக்கவில்லை. சினிமா பார்க்கிற பழக்கத்தில் இருந்தார்கள், வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்தார்கள்.

"வசூரி," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அதே. வசூரி வித்து. இந்த வார்த்தை நமக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், இல்லியா? ஆகாசத்துல இருந்து விழுந்ததும் வித்துதான். எங்க வீட்டுல அஞ்சு பேர் கிடந்தோம். அப்பன், அம்மை, ரெண்டு அக்கா. நான் ஒருத்தன் எழுந்தேன். வசூரிக்கு ஊசி குத்திவைக்க வந்த சர்க்கார் ஆளு என்னைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டான், நீ என்னடா தின்னே, என்ன குடிச்சே, நீ மட்டும் எப்பிடிடா தப்பிச்சேன்னு. ஒன்பது வயசு. சாகாம இருந்ததுக்கு என்ன காரணம் சொல்ல? என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சு அழுதேன். இந்தப் படத்துல ஒரு அலக்குகாரி இருக்கா. அவளைக் கண்ணாடிக் கூட்டுல வச்சு, படிச்சவனெல்லாம் அதையே கேக்கானுவ. இனி உள்ள பாதி அதுதான். அவ முகத்தை மட்டும் பாருங்க. இங்கிலீஷ் வேண்டா."

மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. காலையில் ஆடிக் காட்டிய சுமட்டுக்காரன் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் நின்றவனை வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிறகு, வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கக் கேட்டான்: "சாரே, அப்போ ஒடுவிலும் கிருமி வரில்லே?"

"வராது. ஆனா வீட்டுக்குப் போனா கை கழுகணும்."

அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் அவர் மேடையை விட்டு இறங்கினார். விளக்கு அணைந்தது. மீதிப் படம் ஓடி முடியும்வரை ஒரு சீட்டிகூட இல்லை.

சாயங்காலம் எலிசாள் எல்லாவற்றையும் கேட்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும் கதை போயிருந்தது. வெந்நீரை வாளியில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அணுன்னு எழுதியிருந்தா ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்."

"அப்போ குண்டுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?"

"அதுக்கும் அணுதான். அணுபோம்பு."

"ரெண்டும் ஒண்ணா? பிறகு எதைச் சொல்லுதாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"கை கழுகுன்னு சொன்னா நோவு. ஓடுன்னு சொன்னா குண்டு." பிறகு குரலைத் தணித்தாள். "எனக்கிட்டகூட அந்தச் சர்க்கார் ஆளைப் பத்திச் சொன்னதில்லியே நீங்க. பத்தொன்பது வருஷமா."

அவர் வாளியில் கையை வைத்துச் சூடு பார்த்தார். "நீ கேக்கல்லியே," என்றார்.

"நான் கேட்டா, அந்தச் சர்க்கார் ஆளு மாதிரி ஆயிடும்லா," என்றாள் எலிசாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் தியேட்டருக்குப் போனபோது காரைக் காணவில்லை. நாற்காலி முறிந்ததைக் கேள்விப்பட்ட முதலாளி டேப்பைப் போட்டு அனுப்பிவிட்டாராம். தப்பைத் திருத்தி, ரோகாணு என்று சரியான மலையாளத்தில் பையன் நேற்றே பேசி அடைத்திருந்தானாம். எப்படிப் போகிறது என்று பார்க்க சேஷனும் கூடவே போயிருந்தார்.

கேட்டின் பக்கத்தில் டிக்கெட் கிழிக்கிறவன் உட்காரும் முக்காலி காலியாக இருந்தது. மேலே பகலிலும் பல்பு எரிந்தது. ஞானசிகாமணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். மத்தியானக் காட்சிக்கு முன்கூட்டியே வந்த ஒருவர் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னைக்கும் இடைவேளையில நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டார். அதற்காகவே பேட்டையிலிருந்து வருகிறாராம்.

பதினோரு மணிக்குக் கார் திரும்பியது. சேஷன் கதவை அறைந்து இறங்கினார்.

"ஜனம் காரை மறிச்சுட்டது ஓய்! கிருமி சார் எங்கே, கிருமி சார் எங்கேன்னு. சிரிக்கறா, கேள்வி கேக்கறா. அந்தப் பிசாசு என்ன பண்றது தெரியுமோ? அது பாட்டுக்குப் பேசிண்டே போறது! அவா சிரிச்சு ஓயற வரைக்கும் நிறுத்தத் தெரியலையே அதுக்கு! ஒரு அக்ஷரம் ஒருத்தர் காதுல விழலை. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஏறும்."

"மைக்கு?"

"உம்மதுதான். எழுந்திரும், வேற யாராவது அந்த முக்காலியில உக்காரட்டும்."

நேசையன் பின் கதவைத் திறந்துவிட்டு, நீலத் துணியை இழுத்துச் சரிசெய்யப் போனான்.

"மடக்கி வையிடே," என்றார் ஞானசிகாமணி. முன் கதவைத் திறந்து நேசையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கீழே இறக்கினார். மைக்கின் கம்பி முன் சீட்டுக்கு எட்டவில்லை. பின்னாலிருந்து தோளுக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீவராகத்தில் அந்த மாமி ஜன்னலில் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீர்தானா அது? இவ்வளவு நாளா யாரோ வாட்டசாட்டமா இருப்பார்னு நெனச்சிண்டிருந்தேன்," என்றாள். அவர் கும்பிட்டார். வலியசாலை முடிந்தது, கரமனை முடிந்தது. கிள்ளிப்பாலத்தின் நடுவில் பழக்கதோஷத்தில் நேசையன் வண்டியை மெதுவாக்கி, கூஜாவை எடுத்து நீட்டினான்.

"வேண்டா. ஓட்டு," என்றார்.

சாலைக் கடைத்தெருவின் முனையில் சுமட்டுக்காரர்கள் அவரைக் கண்டுவிட்டார்கள். "கிருமி சாரே!" என்று கூவல் எழுந்தது. அவர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி, அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.